ஒரே ரெஜிஸ்டரில் திரும்பத் திரும்ப எழுதுவது: கேள்வி பதில்

லினக்ஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதும் நம்ம நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள், வந்த வரிசையிலேயே. ரெஜிஸ்டர் என்றால் சாதனத்துக்குள் இருக்கும், தனி முகவரி கொண்ட சிறு இடம்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, ஒரு ஃபைஃபோவுக்குள் (முதலில் வந்தது முதலில் போகும் சாதன வரிசை) 100 பைட் போகணும். மெம்காப்பி_டுஐஓ (memcpy_toio, நினைவகத்திலிருந்து சாதனத்துக்கு நகலெடுக்கும் ஃபங்ஷன்) போட்டால் தொடக்கம் மட்டும்தான் போகிறது.

அது முகவரியை நகர்த்திக்கொண்டே போகும் தம்பி. ஃபைஃபோ ஒரே முகவரியில் இருக்கிறது, ஆக மிச்சமெல்லாம் பக்கத்து ரெஜிஸ்டர்களில் விழுந்து அங்கே இருப்பதையும் கெடுத்துவிடும். உங்களுக்கு வேண்டியது ஐஓரைட்32_ரெப் (iowrite32_rep, சுருக்கமாக ரெப்): சாதன முகவரி அசையாது, பஃபரில் (தரவு இருக்கும் நினைவகப் பகுதி) படிக்கும் இடம் மட்டும் நகரும். கடைசியில் கொடுக்கும் எண்ணிக்கை பைட் கணக்கு இல்லை, எத்தனை 32 பிட் துண்டு என்ற கணக்கு. 100 பைட்டுக்கு 25. 100 என்றே கொடுத்தால் 400 பைட் போகும், அதில் 300 உங்கள் பஃபருக்கு வெளியே கிடக்கும் கெர்னல் நினைவகம்.

எழுதும் முன் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வள்ளியூர்: இடம் இல்லையென்றால் ரெப் தானே காத்திருக்காதா?

காத்திருக்காது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் எடைச்சீட்டு பிரிண்டருக்கு நான் எழுதிய முதல் டிரைவரில் நீளமான வரிகளின் வால் மட்டும் காணாமல் போனது. கேபிளை இரண்டு முறை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், 16550ஏ என்ற சீரியல் போர்ட் சிப்பின் ஃபைஃபோ 16 பைட், நான் வரி முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறேன். லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் 5-ஆம் பிட் 1 ஆன (அனுப்பும் ஃபைஃபோ காலியான) பிறகு, பைட் பைட்டாக எழுதும் ஐஓரைட்8_ரெப்பில் 16, மறுபடி பிட்டைப் பார்த்து அடுத்த 16. அவ்வளவுதான் வேலை.

தென்காசி: வாலட்டைல் பாயிண்டர் (கம்பைலர் விட்டுவிடாமல் நேரே எழுதும் சுட்டி) வைத்து எழுதினால்?

வேண்டாம். ஐஓரீமேப் (சாதனத்தை அணுக கெர்னலுக்கு முகவரி தரும் ஃபங்ஷன்) தந்த முகவரியை நேரே தொடக்கூடாது.

கல்லிடைக்குறிச்சி: ரைட்எல்லை (writel, ஒரு 32 பிட் எண்ணை ரெஜிஸ்டரில் எழுதும் ஃபங்ஷன்) லூப்பில் போட்டாலும் இதேதானே? என் லேப்டாப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை.

உங்கள் லேப்டாப் லிட்டில் எண்டியன் (எண்ணின் கடைசி பைட்டை முதலில் வைப்பது), அதனால் தெரியாது. நினைவகத்தில் 11, 22, 33, 44 என்று நாலு பைட் வரிசையாக இருக்கட்டும். பிக் எண்டியன் (முதல் பைட்டை முதலில் வைக்கும்) இயந்திரத்தில் லூப் அதை ஒரு எண்ணாக எடுக்கும், ரைட்எல் அதை லிட்டில் எண்டியனாகப் புரட்டும், சாதனத்துக்கு 44, 33, 22, 11 என்று போய்ச் சேரும். ரெப் புரட்டாது. கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் இருப்பது எண், அதைப் புரட்டத்தான் வேண்டும். ஃபைஃபோவில் போவது பைட் ஓட்டம், அதன் வரிசை மாறக்கூடாது.

சங்கரன்கோவில்: பிக் எண்டியன் இப்போ யார் அண்ணாச்சி வைத்திருக்கிறார்கள்?

பவர்பிசி, மிப்ஸ் போர்டுகள் இன்னும் ஓடுகின்றன. அதை விட்டாலும் ரைட்எல்லில் வரிசைக் காப்பு (முன்னால் நினைவகத்தில் எழுதியது முடிந்த பிறகே இது போகும் என்ற உறுதி) உண்டு, ரெப்பில் அதைவிடத் தளர்வான ரைட்எல்_ரிலாக்ஸ்டு அளவுக்குத்தான் உண்டு. டிஎம்ஏ (சாதனமே நினைவகத்தை நேரே அணுகுவது) பஃபரை நிரப்பிவிட்டு அதைத் தொடங்கும் கட்டளையை ரைட்எல்லில் கொடுங்கள், ரெப்பில் கொடுக்காதீர்கள்.

கல்லிடைக்குறிச்சி: அப்போ லூப்பே தப்பா?

தப்பு என்று நான் சொல்லவில்லை. எண்ணுக்கு ரைட்எல், ஓட்டத்துக்கு ரெப். இதற்கு மேல் இதை இழுக்க வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வீரவநல்லூர்: 16 பைட் ஃபைஃபோவுக்கு 200 பைட்டை ரெப்பில் ஒரேயடியாக அனுப்பலாமா?

வள்ளியூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். இடம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

களக்காடு: விண்டோஸ் டிரைவரில் இதை எப்படிச் செய்வது?

அது என் துறை இல்லை.

நாங்குநேரி: பிசிஐ கார்டில் (கம்ப்யூட்டருக்குள் செருகும் அட்டை) ரீசெட் பிட்டை எழுதி 10 மைக்ரோசெகண்ட் யூடிலே (udelay, காத்திருக்கும் ஃபங்ஷன்) வைத்தேன். சில நேரம் கார்டு எழுந்திருக்கவில்லை.

நீங்கள் எழுதியது வழியில் எங்கோ நிற்கும்போதே உங்கள் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. பிசிஐயில் எழுதியது உடனே சேர்ந்துவிடும் என்று எண்ணக்கூடாது. எழுதியதும் அதே கார்டில், படித்தால் எதுவும் மாறாத ஒரு ரெஜிஸ்டரை ரீட்எல்லில் (readl, ரெஜிஸ்டரைப் படிக்கும் ஃபங்ஷன்) படியுங்கள். அந்தப் பதில் திரும்பி வந்தால் முன்னால் எழுதியது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். யூடிலே அதற்கு அப்புறம். மாற்றிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.