சிறு குழந்தைகளுடன் தீவுப் பயணம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எனக்கு நான்கு வயதில் ஒரு மகனும் பத்து மாதத்தில் ஒரு மகளும் இருக்கிறார்கள். கணவருக்கு விடுப்பு கிடைக்காததால், நான் மட்டுமே இருவரையும் ஒரு வார காலம் வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு அழைத்துச் செல்ல நினைக்கிறேன். மாலத்தீவு, மொரீஷியஸ், பாலி ஆகிய மூன்றில் எது ஏற்றது? கடலின் மேல் தூண்களில் கட்டப்பட்ட வில்லாவில் தங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பதில்: அந்த ஆசையை இந்தப் பயணத்தில் நிறைவேற்றிக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. அத்தகைய வில்லாக்களில் படுக்கையறையிலிருந்து சில அடிகள் நடந்தாலே கடலுக்குள் இறங்கும் படிகள் வந்துவிடும். பல ரிசார்ட்டுகள் சிறு குழந்தைகளுடன் வருவோருக்கு அவற்றைத் தருவதே இல்லை. இருவர் இருந்தால் ஒருவர் குளிக்கப் போகும்போது மற்றவர் காவல் இருக்கலாம். நீங்கள் ஒருவராக இருக்கும்போது, மகளுக்கு உடை மாற்றும் இரண்டு நிமிடங்களில் மகன் எங்கே இருக்கிறான் என்ற கவலை ஒரு வாரம் முழுவதும் உங்களை விடாது. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை, கை கால்களை உதைத்து ஆரவாரம் செய்வதுமில்லை, ஓசையின்றி மூழ்கிவிடுகிறது. ஆகவே தரைத்தளத்தில், தாழிடக்கூடிய கதவுள்ள, நீச்சல் குளத்தை நேராகப் பார்த்தபடி அமையாத அறையைக் கேளுங்கள்.

மூன்று தீவுகளில் எது என்பதைவிட, எந்த மாதம், தீவின் எந்தக் கரை என்பவையே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். மொரீஷியஸைச் சுற்றிப் பெரும்பகுதியில் பவளத்திட்டு இருப்பதால் கரையோர நீர் ஆழம் குறைந்து அமைதியாக இருக்கும். ஆயினும் தெற்கே கிரிஸ் கிரிஸ் போன்ற இடங்களில் அந்தத் தடுப்பு இல்லாமல் அலைகள் நேரே வந்து மோதுகின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்வதானால் தென்கிழக்குக் காற்று நேரடியாகத் தாக்காத மேற்குக் கரையைத் தேர்ந்தெடுங்கள். பாலியில் அலைச்சறுக்கு வீரர்களை ஈர்க்கும் கூட்டாவின் பெரிய அலைகள் உங்களுக்கு உதவா. பவளத்திட்டின் காப்பில் இருக்கும் சனூர் கடற்கரையே பொருத்தம். அங்கும் நீர் வற்றும் வேளையில் நீந்துவதற்குப் போதிய ஆழம் இராது என்றாலும், நான்கு வயதுச் சிறுவனுக்கு அது குறையே அல்ல. அங்கே மழை மிகுந்த மாதங்கள் நவம்பர் முதல் மார்ச் வரை.

மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம். ஆனால் அங்கே விமானத்திலிருந்து இறங்கிய பிறகும் பயணம் முடிந்துவிடுவதில்லை என்பதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். தொலைவிலுள்ள ரிசார்ட்டுகளுக்குச் செல்லும் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறப்பதால், மாலையில் வந்திறங்குவோர் தலைநகர் மாலே பகுதியில் ஓர் இரவைக் கழித்துவிட்டே மறுநாள் செல்ல நேரிடும். தூக்கம் கலைந்த இரு குழந்தைகளையும் பெட்டிகளையும் நீங்கள் ஒருவரே சமாளிக்க வேண்டியிருப்பதால், விரைவுப் படகில் குறைந்த நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மாலே பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள ரிசார்ட்டைப் பாருங்கள். முன்பதிவு செய்யும்போதே, பத்து மாதக் குழந்தையின் எடைக்கேற்ற உயிர்காப்புச் சட்டை படகில் இருக்குமா என்று கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். மொரீஷியஸ், பாலி இரண்டிலும் விமான நிலையத்திலிருந்து சாலை வழியாகவே விடுதியை அடைந்துவிடலாம். அதனால் என் முதல் தேர்வு அவ்விரண்டில் ஒன்றுதான். வாடகைக் கார்களில் குழந்தை இருக்கை இருக்கும் என்று நம்பி இருந்துவிடாமல், அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஒரே விடுதியில் ஏழு நாளும் தங்குங்கள். இரண்டு மூன்று இடங்களுக்கு மாறும் திட்டம் தாளில் அழகாகத் தெரியும். பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே விடுமுறை கரையும். காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வெயில் கடுமையாக இருப்பதால், கடற்கரையை அதிகாலைக்கும் மாலைக்கும் ஒதுக்கி, நடுப்பகலைத் தூக்கத்துக்கும் நிழலுக்கும் விட்டுவிடுங்கள். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்க்ரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து வெளியே வந்ததும் மீண்டும் தடவ வேண்டும். மகளுக்கு அதைவிட முழுக்கை ஆடையும் தொப்பியும் நிழலுமே முதன்மையான பாதுகாப்பு. காற்றடைத்த கைப்பட்டைகள் விளையாட்டுப் பொருள்கள்தாம், உயிர் காக்கும் கருவிகள் அல்ல. மகன் தண்ணீரில் இருக்கும்போது கைக்கெட்டும் தொலைவில் நீங்கள் இருக்க வேண்டும். மகளை மடியில் வைத்துக்கொண்டு அது இயலாது என்பதால், விடுதியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் உண்டா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கேள்வி: தாய் அல்லது தந்தை மட்டும் குழந்தைகளுடன் வெளிநாடு சென்றால் கூடுதல் ஆவணங்கள் தேவையா?

பதில்: சில நாடுகளின் குடிவரவு அதிகாரிகள், வராத பெற்றோரின் சம்மதக் கடிதத்தைக் கேட்பதுண்டு. பயண நாள்களும் தங்குமிடமும் குறிப்பிடப்பட்ட, சான்றுறுதி பெற்ற கடிதத்தையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் உடன் வைத்திருங்கள். குழந்தைகளின் கடவுச்சீட்டு பயணத்துக்குப் பின் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. சிறுவர்களின் கடவுச்சீட்டுக்குக் கால அளவு குறைவு என்பதால் இதை முன்னதாகவே சரிபாருங்கள்.

கேள்வி: தீவுகளில் கொசுக்கடியிலிருந்து கைக்குழந்தையை எப்படிக் காப்பது?

பதில்: மாலத்தீவு மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சான்றளித்தது, டெங்கு அவ்வாறு ஒழியவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பதால், பகல் தூக்கத்துக்கும் வலை தேவை. தள்ளுவண்டிக்குப் பொருந்தும் வலையைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். டீட் (DEET) என்னும் வேதிப்பொருள் கலந்த கொசுவிரட்டியை இரண்டு மாதம் கடந்த குழந்தைகளுக்கு, கைகளையும் கண், வாய்ப் பகுதிகளையும் தவிர்த்து, சிறிதளவு பயன்படுத்தலாம். இயற்கையானது என்று விற்கப்படும் லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு உகந்ததன்று. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டுமே கொடுங்கள். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகைகள் டெங்குவில் இரத்தக்கசிவை மிகுவிக்கும் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை அவற்றைக் கொடுக்காதீர்கள்.