விஷமில்லாத வண்ணத்துப்பூச்சி விஷமுள்ளதைப் போல வேஷம் போடுகிறதே, அதற்கு அது தெரியுமா?

தெரியாது. நீங்கள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். 'பாதுகாப்புக்காக நிறத்தை மாற்றிக்கொள்கிறது' என்று நோட்ஸில் எழுதித் தந்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் தந்தார்கள்.

களுவாஞ்சிகுடியில் எங்கள் கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. குருவி எச்சம் போல இலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஆறு புழுக்களை ஜாம் போத்தலில் வளர்த்தேன். பெருத்ததும் பச்சையாகிவிடும். ஈர்க்கிலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டைக் கொம்பு எட்டிப்பார்க்கும், கூடவே ஒரு நாற்றம். "அதக் கொண்டுபோய் வெளிய வை மனே" என்று அம்மம்மா கத்துவா.

கூட்டிலிருந்து வந்ததில் நாலு, கறுப்பில் வெள்ளைப் பட்டி போட்டவை. மற்ற இரண்டும் சிவப்புப் புள்ளிகளோடு, கிறிம்சன் றோஸ் என்ற விஷமுள்ள வண்ணத்துப்பூச்சியை அச்சில் வார்த்த மாதிரியே. ரியூஷனுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "வேற புழு கலந்திட்டுது" என்றார் சேர். முழு வகுப்பும் சிரித்தது.

கலக்கவேயில்லை. எல்லாம் ஒரே இனம், கொமன் மோர்மன். ஆணுக்கு வெள்ளைப் பட்டிதான். பெண்களில் சில ஆணைப் போல, சில இன்னொரு விஷமுள்ள இனமான கொமன் றோஸ் போல, சில கிறிம்சன் றோஸ் போல. இயற்கை ஆய்வாளர் வொலஸ் 1865இலேயே இதை எழுதிவிட்டார். பின்னாலுள்ள மரபணுவையும் 2014இல் பிடித்துவிட்டார்கள். உடம்பைப் பாருங்கள்: றோஸுக்குச் சிவப்பு, வேஷக்காரிக்குக் கறுப்பு.

றோஸின் புழு ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் வைத்துக்கொள்ளும். ஒருமுறை கொத்திப் பட்ட குருவி பிறகு அந்தச் சிவப்பைத் தொடாது. எப்போதோ தற்செயலாகக் கொஞ்சம் சிவப்போடு பிறந்த மோர்மனையும் குருவி விட்டுவிட்டது, அது முட்டையிட்டது. அதன் பிள்ளைகளில் றோஸை அவ்வளவாக ஒத்திராததைத் தின்று, ஒத்ததை விட்டு, குருவிதான் தலைமுறை தலைமுறையாக வேஷம் கட்டிவிட்டது. ஆனால் வேஷக்காரிகள் பெருகினால் 'சிவப்பும் ருசிதான்' என்று குருவி கண்டுபிடித்துவிடும். அசல் நிறைய இருக்கும் வரைதான் வேஷம் செல்லும்.

நான் பட்டதாரி இல்லை, வங்கியில் வேலை. 'அப்போ ஆண் ஏன் வேஷம் போடவில்லை' என்று சண்டைக்கு வராதீர்கள், அது தனிக்கதை.

வீட்டைப் பெருப்பிக்கும்போது அந்த மரத்தைத் தறித்துவிட்டோம். இப்போது சந்தையில்தான் கறிவேப்பிலை. ஒரு இலையிலாவது ஓட்டை இருக்கிறதா பாருங்கள், அவ்வளவு பூச்சிமருந்து. அம்மா மூன்று தரம் கழுவுகிறா, அப்படியும் மருந்து மணக்கிறது.