33 வயதில் ஐ.சி.யு.வின் தலைமைப் பொறுப்பு: ஏற்கலாமா?

கேள்வி: "அவசர சிகிச்சை மருத்துவத்தில் எம்.டி. முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் தீவிர சிகிச்சையில் ஓராண்டுப் பயிற்சியும் பெற்றிருக்கிறேன். வயது 33. ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஐ.சி.யு.வின் தலைமைப் பொறுப்பைத் தருவதாகச் சொல்கிறார்கள். மூத்த மயக்க மருந்து நிபுணர்களும் பொது மருத்துவர்களும் என்னை ஏற்றுக்கொள்வார்களா? இந்த வயதில் இதை ஏற்கலாமா?"

ஏற்கலாம் என்பதே என் பதில். ஆனால் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

நான் மயக்க மருந்து மருத்துவன். கோவைக்கும் சேலத்துக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் பதினான்கு படுக்கைகள் கொண்ட ஐ.சி.யு.வைப் பதினெட்டு ஆண்டுகள் நடத்தினேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பொறுப்பை அவசர சிகிச்சைத் துறையிலிருந்து வந்த 34 வயது பெண் மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, இன்றும் அதே பிரிவில் வாரம் மூன்று நாள் பணியாற்றுகிறேன். ஆகவே நீங்கள் அஞ்சுகிற 'மூத்தவர்களில்' நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரிடம் பொறுப்பைக் கொடுப்பதா என்று நிர்வாகம் கேட்டபோது எனக்கும் தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கம் எங்கே சரியாக இருந்தது, எங்கே தவறாக இருந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வயதைப் பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடலாம். இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர சிகிச்சை மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றது 2009-இல்தான். நம் ஊர்களில் 'கேஷுவாலிட்டி' என்பது அதற்கு முன்பெல்லாம் அன்றைக்கு முறை வந்த டியூட்டி டாக்டர் உட்கார்ந்திருக்கும் அறையாகவே இருந்தது. முறையாகப் படித்து வந்த முதல் அணியினரே இன்றைக்கு நடுவயதை எட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றால், உங்கள் துறையில் தலைநரைத்தவரைத் தேடிக் காத்திருப்பதில் பொருளில்லை. ஐ.சி.யு. என்ற ஏற்பாடும் இளையவர் ஒருவரின் கையில் பிறந்ததுதான். 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்து குழந்தைகள் இறந்துகொண்டிருந்தபோது, தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகிக் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கலாம் என்று சொன்ன பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருந்து மருத்துவருக்கு அப்போது 37 வயது நிறையவில்லை. ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைபோட்டு அந்தப் பைகளை அழுத்தினார்கள். அடுத்த ஆண்டே அவர் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் ஐ.சி.யு.வாகப் பலரும் கொள்கிறார்கள். என் துறைக்காரர் என்பதால் எனக்கு இதில் பெருமை உண்டு. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு உங்களைப் போன்றவர்களை வாசலில் நிறுத்துவது நியாயம் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்காவிலும் 2011-இல்தான் அவசர சிகிச்சை மருத்துவர்களுக்கு உள்மருத்துவ (இன்டர்னல் மெடிசின்) வாரியத்தின் தீவிர சிகிச்சைத் தகுதித் தேர்வு திறக்கப்பட்டது. நம் நாட்டில் தீவிர சிகிச்சைக்கான டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பில் எம்.டி. அவசர சிகிச்சை முடித்தவர்கள் சேர இயலும். தகுதி பற்றிய வாதத்தை இத்துடன் விட்டுவிடலாம்.

உங்களிடம் இருப்பதும் எங்களிடம் குறைவாக இருந்ததும் என்ன என்பதை ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு மழைக்கால விடியற்காலையில், பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோனில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த தொழிலாளி ஒருவரை அழைத்து வந்தார்கள். "ராத்திரி நல்லாத்தானுங்க படுத்தாரு, விடியக்காலம் எந்திரிச்சு வவுறு நோவுதுன்னாருங்க" என்றார் அவருடைய மனைவி. முதலில் பார்த்த இடத்தில் வயிற்றுப் புண் என்று ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் வந்தபோது ரத்த அழுத்தமும் நாடியும் சீராக இருந்தன. உடலில் கடிவாய் எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண் மருத்துவர் நோயாளியின் முகத்தை மட்டும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணை நல்லா மேலே தூக்கிப் பாருங்க அண்ணா" என்றார். இமைகள் பாதியில் நின்றுவிட்டன. நெற்றியைச் சுருக்கி முயன்றும் மேலே ஏறவில்லை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து மேசைமேல் அசையாமல் நிறுத்தி, இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தார். ரத்தம் ஒழுங்காக உறைந்திருந்தது. கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ கடித்திருந்தால் ரத்தம் சரியாக உறையாது. கடித்த பாம்பு அவை இல்லை என்பதற்கு இது ஒரு குறி. இரவில் தரையில் படுத்தவர், வலியில்லாத கடி, விடியலில் வயிற்றுவலி, தொங்கும் இமை என எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவிரியன் என்று அவர் முடிவு செய்தபோது, நரம்பியல் மருத்துவரை வரவழைத்துப் பார்க்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காத்திருக்கவில்லை. விஷமுறிவு மருந்து பத்துக் குப்பிகளை ஏற்றத் தொடங்கி, நோயாளியால் எச்சிலை விழுங்க முடியாமல் போனதும் அங்கேயே டியூப் போட்டு, வென்டிலேட்டரோடு மேலே ஐ.சி.யு.வுக்கு அனுப்பினார். பதினைந்து நிமிடம் தாமதித்திருந்தால் லிஃப்டுக்குள்ளேயே மூச்சு நின்றிருக்கும்.

பாதித் தகவலை வைத்துக்கொண்டு, முழுப் பொறுப்பையும் தானே ஏற்று முடிவெடுக்கிற இந்தப் பழக்கம் ஐ.சி.யு.வுக்குள்ளேயே வளர்ந்தவர்களுக்கு எளிதில் வருவதில்லை. எங்களிடம் வரும் நோயாளிக்கு ஏற்கெனவே ஒரு பெயர், ஒரு ஃபைல், ஒரு நோயறிதல் இருக்கும். உங்களிடம் வருபவருக்கு எதுவும் இருக்காது. 2001-இல் டெட்ராய்ட்டில் இமானுவேல் ரிவர்ஸ் என்ற அவசர சிகிச்சை மருத்துவர், ரத்தத்தில் கிருமித்தொற்று பரவி 'ஷாக்' எனப்படும் ரத்த ஓட்டம் குன்றிய நிலையில் வந்த 263 நோயாளிகளிடம், ஐ.சி.யு.வுக்குப் போகும் முன்பான முதல் ஆறு மணி நேரத்தைச் சீராக்கிப் பார்த்தார். மருத்துவமனையில் நேர்ந்த இறப்பு 46.5 சதவீதத்திலிருந்து 30.5 சதவீதமாகக் குறைந்ததாக அவருடைய ஆய்வு சொன்னது. 2014, 2015-இல் வந்த மூன்று பெரிய ஆய்வுகள் அவருடைய செய்முறை முழுவதும் தேவையில்லை என்று காட்டிவிட்டன. ஆனால் நோயை நேரத்தோடு கண்டுகொண்டு உடனே ஆன்டிபயாடிக் கொடுப்பது அதற்குள் எங்கும் வழக்கமாகியிருந்தது. ஐ.சி.யு. என்பது நோயாளி வந்து சேரும் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை எங்களுக்கு உணர்த்தியவர்கள் உங்கள் துறையினர்தான்.

நம் பகுதிக்கு இது மேலும் பொருந்தும். 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. முன்பெல்லாம் அவிநாசி சாலையிலோ தாராபுரம் சாலையிலோ அடிபட்ட இடத்திலேயே உயிர் போயிருக்கக்கூடிய பலர் இப்போது உயிரோடு வந்து சேர்கிறார்கள். வந்தபின் மேலே படுக்கை இல்லையென்று கீழே ஸ்ட்ரெச்சரில் ஆறேழு மணி நேரம் கிடக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் யாருடைய நோயாளி என்ற கேள்விக்கு எங்கள் மருத்துவமனையில் பல ஆண்டுகள் பதிலே இருந்ததில்லை. கீழும் மேலும் ஒருவர் பொறுப்பில் வந்த பிறகுதான் அதற்குப் பதில் கிடைத்தது.

இனி என் தயக்கம் சரியாக இருந்த இடத்துக்கு வருகிறேன். அந்தத் தறித் தொழிலாளியின் கதையும் வாசலோடு முடியவில்லை. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைத்துவிடும் என்பதால், முறிவு மருந்து கொடுத்தும் தசைகள் உடனே திரும்புவதில்லை. முனைகள் மீண்டும் வளரும்வரை நாட்கணக்கில் மூச்சுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் அவர் விரலைக்கூட அசைக்கவில்லை. கண்மணிகள் விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல் இருந்தன. மூளை இறந்துவிட்டதென்று நினைக்கத் தூண்டும் தோற்றம் அது. உண்மையில் உள்ளே இருப்பவருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். இன்னும் என்ன மருந்து கொடுக்கலாம், மீண்டும் ஸ்கேன் எடுக்கலாமா, குப்பிகளைக் கூட்டலாமா என்று இளம் மருத்துவர் அன்றைக்கு மூன்று முறை என்னிடம் வந்தார். "ஒன்றும் வேண்டாம் அம்மா, கண்ணுக்குக் களிம்பு போட்டு இமையை ஒட்டி வையுங்கள், தூக்க மருந்து கொடுங்கள், இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள், சிஸ்டர்களை அவரிடம் பேசச் சொல்லுங்கள்" என்றேன். நான்காம் நாள் பின்மாலையில் இடது கால் பெருவிரல் அசைந்ததை முதலில் பார்த்தவர் துடைத்துவிட வந்த ஆயா. பதினோராம் நாள் அவர் நடந்து போனார்.

இந்தக் காத்திருப்புதான் நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது. அவசரப் பிரிவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது குற்றம். ஐ.சி.யு.வில் மூன்றாம் நாளுக்குப் பின் பல சமயம் அதுவே சிகிச்சை. எங்கள் மருத்துவர் இதைக் கற்றுக்கொண்ட விதம் கடினமானது. சிவகிரிப் பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவர், எழுபதைக் கடந்தவர், சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி வந்து, முதல் நாளில் மிக நன்றாகக் காப்பாற்றப்பட்டு, வென்டிலேட்டரிலிருந்தும் இறங்கியிருந்தார். மூன்றாம் நாள் இரவு ரத்த அழுத்தம் சற்றே இறங்கியதாக அழைப்பு வந்தபோது, வாசலில் செய்து பழகியபடி இரண்டு பாட்டில் சலைன் ஏற்றச் சொல்லிவிட்டார். அழுத்தம் இறங்கியதற்குக் காரணம் வலிக்கான மருந்தின் அளவு கூடியிருந்தது. அதைக் குறைத்திருந்தாலே போதும். விடிவதற்குள் நுரையீரலில் நீர் கோத்து, பெரியவர் மறுபடி வென்டிலேட்டருக்குப் போய் மேலும் இரண்டு நாள் அதில் இருந்தார்.

காலை ரவுண்ட்ஸில் நான் வாய் திறக்கும் முன்பே, சிஸ்டர்களும் பயிற்சி மருத்துவர்களும் சூழ நின்ற இடத்தில், "இது என் முடிவு, தவறான முடிவு, நேரில் வந்து பார்க்காமல் ஃபோனிலேயே சொன்னேன்" என்றார். அந்தப் பெரியவருடைய மகனிடமும் அதையே சொன்னார். பதினெட்டு ஆண்டுகளில் அப்படி எல்லோர் முன்னிலையிலும் நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எனக்கும் அப்படிச் சொல்ல வேண்டிய நாட்கள் இருந்தன. அன்றையிலிருந்து இரவில் ஃபோனில் சலைன் ஏற்றச் சொல்வது எங்கள் பிரிவில் நின்றுவிட்டது. மூத்தவர்கள் உங்களை ஏற்பார்களா என்று கேட்டீர்களே, நான் அவரை முழுமையாக ஏற்றுக்கொண்டது அந்தக் காலையில்தான்.

குடும்பத்தினரிடம் பேசுவது வேறொரு வேலை. நம் ஊரில் யாரும் கடுமையாகக் கேட்கமாட்டார்கள். "ஏனுங்க கண்ணு, பெரிய டாக்டரு எப்பங்க வருவாரு?" என்று ஒரு பாட்டி உங்கள் கையைப் பிடித்துக் கேட்பார். அதில் மனம் நோகத் தேவையில்லை. உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். நின்றபடி சொன்னது எதுவும் அவர்கள் காதில் ஏறுவதில்லை. இனி வென்டிலேட்டரால் பயனில்லை என்ற நிலையில் சிகிச்சையை நிறுத்துவது குறித்த உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பைப் படித்துவிட்டுப் போங்கள். அப்படி நிறுத்தலாமா என்று முடிவு செய்யும் மருத்துவக் குழுவில் இருப்பவருக்கு 20 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று இருந்த விதியை, நீதிமன்றமே 2023 ஜனவரியில் ஐந்து ஆண்டுகளாகக் குறைத்தது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரோடு, அந்த அனுபவமுள்ள துறை வல்லுநர் இருவர் முதல் குழுவில் இருக்க வேண்டும். ஈரோடு போன்ற ஊரில் அந்த இருவர் யார் என்பதை முதல் வாரத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தேவை வரும் இரவில் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவற்றில் சம்பளத்தை நான் கடைசியில் வைப்பேன். யாரை உள்ளே எடுப்பது, யாரை வார்டுக்கு மாற்றுவது என்ற முடிவு உங்களுடையது என்று எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அறுவை மருத்துவர் ஒருவரின் ஃபோன் அழைப்பில் உங்கள் தலைமை முடிந்துவிடும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு சிஸ்டர் வீதம் இரவிலும் இருப்பார்களா என்று கேளுங்கள். மயக்க மருந்துத் துறையிலிருந்து மூத்தவர் ஒருவர் வாரத்தில் சில நாளாவது உங்களோடு ரவுண்ட்ஸ் வருவாரா என்று நீங்களே போய் அவரைக் கேளுங்கள், நிர்வாகம் வழியாகக் கேட்க வேண்டாம். என்னைப் போன்றவர்கள் உத்தரவுக்கு முகம் சுளிப்போம். "அய்யா, நீங்க கூட இருந்தா நல்லா இருக்கும்" என்று ஒருவர் நேரில் வந்து சொன்னால் எங்களால் மறுக்க முடியாது.

இவ்வளவும் சரியென்று வந்தாலும், சேரும் முன் ஓர் இரவு அந்த ஐ.சி.யு.வில் போய் உட்கார்ந்திருங்கள். இரவு மூன்று மணிக்கு மருந்தகம் திறந்திருக்கிறதா, ரத்த வாயுப் பரிசோதனைக் கருவி ஓடுகிறதா, ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து அலாரம் அடித்தால் யார் எழுந்து போகிறார்கள், கீழே கேஷுவாலிட்டியில் படுக்கைக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அவர்களை மேலிருந்து யாராவது இறங்கிப் போய்ப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். பார்த்துவிட்டு வந்து அவர்களுக்குப் பதில் எழுதுங்கள்.