சீனத் திரையில் மாவோவும் சியாங்கும்

கேள்வி: சீனப் படங்களில் மாவோவைத் தெய்வத்துக்கு நிகராகக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால், அண்மையில் பார்த்த ஒரு படத்தில் அவர் தோழர்களோடு மது அருந்திவிட்டு உரக்கப் பாடுகிறார். இதை எப்படி அனுமதித்தார்கள்?

பதில்: நீங்கள் பார்த்தது, மக்கள் சீனக் குடியரசின் 60-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2009-இல் வெளியான ‘குடியரசின் தோற்றம்’ என்ற படமாக இருக்க வேண்டும். சியாங் கை ஷேக்கின் கோமின்டாங் கட்சியோடு கம்யூனிஸ்டுகள் நடத்திய உள்நாட்டுப் போரின் முக்கியக் கட்டமான ஹுவாய்ஹாய் போரில் வெற்றி கிடைத்த மகிழ்ச்சியில், மாவோ, சூ என்லாய், ஜூ தே முதலிய தலைவர்கள் போதையேறி, உலகப் பொதுவுடைமையாளர்களின் பாடலான சர்வதேசிய கீதம் பாடும் அந்தக் காட்சி, அரசு நிறுவனமான சீனத் திரைப்படக் குழுமமே தயாரித்த படத்தில்தான் இடம்பெற்றிருக்கிறது. யாரும் அறியாமல் அது உள்ளே நுழைந்துவிடவில்லை. தலைவர்களை எந்த அளவுக்கு மனிதர்களாகக் காட்டலாம் என்ற வரம்பு முப்பது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்ததன் விளைவு அது.

மாவோ உயிரோடிருந்த காலத்தில் சீனக் கதைப்படங்களில் எந்த நடிகரும் அவராக வேடமிட்டதில்லை. 1950-களின் போர்ப்படங்களில் அவர் சுவரில் தொங்கும் படமாகவோ, தலைமையகத்திலிருந்து வந்து சேரும் தந்தியாகவோ, படைவீரர்கள் உச்சரிக்கும் பெயராகவோ மட்டுமே இருந்தார். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1978-இல் வந்த ‘பாய்ந்தோடும் பேராறு’ படத்தில்தான் முதன்முதலாக ஒரு நடிகர் அவர் வேடத்தில் தோன்றினார். அதற்குப் பிறகு, தலைவர்களின் உருவ ஒற்றுமைக்காகவே தேர்ந்தெடுக்கப்படும் நடிகர்கள் என்று ஒரு தனி வகையே உருவானது. அவர்களுள் மிகப் புகழ்பெற்றவர் கூ யுவே. நடிப்புத் துறைக்கு வருவதற்கு முன் குன்மிங் நகரில் இராணுவப் பண்பாட்டுப் பிரிவில் பணியாற்றிய இவர், 2005-இல் இறக்கும்வரை 84 முறை மாவோவாக நடித்தார். அவருடைய குடும்பப் பெயரான ‘ஹூ’ என்ற எழுத்தை இரண்டாகப் பிரித்தால் ‘கூ’, ‘யுவே’ என்ற இரண்டு எழுத்துகள் கிடைக்கும். திரைப்பெயர் அப்படி வந்ததுதான்.

முகம் ஒத்திருக்க வேண்டும் என்ற இந்த நிபந்தனை நடிப்பை நெடுங்காலம் சிறைப்படுத்தியிருந்தது என்பது என் கருத்து. ஹூனான் மாகாணத்து உச்சரிப்பு, சிகரெட்டைப் பிடிக்கும் விதம், கையைப் பின்னால் கட்டி நடக்கும் நடை ஆகியவை கைவந்துவிட்டால் பாத்திரம் முழுமையடைந்துவிட்டதாகக் கருதப்பட்டது. உருவத்தில் அவ்வளவாக ஒத்துப்போகாத தாங் குவோசியாங் 1990-களில் மாவோ வேடத்தை ஏற்றதும், அவரே 2009-ஆம் ஆண்டுப் படத்தில் மாவோவாக வந்ததும் ஒரு விடுதலைதான். ஒரு மனிதர் யோசிப்பதையும் தயங்குவதையும் களைப்படைவதையும் அப்போதுதான் நம்மால் பார்க்க முடிந்தது.

கேள்வி: எதிரியான சியாங் கை ஷேக்கை எப்படிக் காட்டுகிறார்கள்? கோமாளியாகவா, கொடியவராகவா?

பதில்: நீண்ட காலம் கொடியவராகவும், சில வேளைகளில் கேலிச்சித்திரமாகவும்தான் காட்டினார்கள். தலைவரை விடுங்கள், ஒரு கோமின்டாங் தளபதியைக் கொஞ்சம் மிடுக்காகக் காட்டுவதே ஆபத்தாக இருந்த காலம் உண்டு. 1947 மே மாதம் ஷாண்டோங் மாகாணத்து மெங்லியாங்கு மலையில் கோமின்டாங்கின் 74-ஆவது படைப்பிரிவு அழிக்கப்பட்டதைச் சொல்லும் ‘செஞ்சூரியன்’ 1963-இல் வெளிவந்தது. அதில் எதிரித் தளபதி சாங் லிங்ஃபூ கம்பீரமும் தன்மானமும் உள்ளவராகத் தெரிகிறார். 1966-இல் மாவோவின் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியபோது அந்தப் படம் ‘நச்சுக்களை’ என்று கண்டனம் செய்யப்பட்டது. எதிரியை மனிதனாக நடித்ததே குற்றமானது.

இந்த நிலை மாறத் தொடங்கியதை 1981-இல் வந்த ‘சியான் சம்பவம்’ படத்தில் பார்க்கலாம். ஜப்பானை எதிர்ப்பதற்காக உள்நாட்டுப் போரை நிறுத்தும்படி, 1936 டிசம்பரில் சியாங்கை அவருடைய தளபதிகளே சிறைபிடித்த நிகழ்ச்சி அதன் கதை. அதில் சியாங்காக நடித்த சுன் ஃபெய்ஹூ, பின்னர் 1989-இல் குடியரசின் 40-ஆம் ஆண்டையொட்டிச் சாங்சுன் படப்பிடிப்பு நிலையம் எடுத்த ‘தொடக்கப் பெருவிழா’ படத்திலும் அதே வேடத்தில் வந்தார். பழைய ஆவணப்படக் காட்சிகளையும் நடித்த காட்சிகளையும் ஒன்றோடொன்று இழைத்து எடுத்த அந்தப் படத்தில், 1949 ஜனவரியில் பதவி விலகித் தன் சொந்த ஊருக்குத் திரும்பும் சியாங், தோற்றுப்போன ஒரு முதியவராகவும் மண்ணைப் பிரியப்போகும் மகனாகவும் நம் முன் நிற்கிறார். 1989-இல் ஓர் அரசு நிறுவனத்தின் படத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை, ‘செஞ்சூரியன்’ பட்ட பாட்டை அறிந்தவர்கள் உணர்வார்கள்.

2009-ஆம் ஆண்டுப் படத்தில் சாங் குவோலி நடித்த சியாங் இன்னும் ஒரு படி மேலே போகிறார். 1948-இல் ஷாங்காயில் பதுக்கல்காரர்களையும் கறுப்புச் சந்தை முதலாளிகளையும் ஒடுக்க முனையும் தன் மகன் சியாங் சிங்-குவோவிடம், ஊழலை ஒழித்தால் கட்சி அழியும், ஒழிக்காவிட்டால் நாடு அழியும் என்ற பொருளில் அவர் பேசும் இடம்தான் அந்தப் படத்தின் உயிர். திரையரங்கில் இருந்த சீனப் பார்வையாளர்கள் அதைக் கோமின்டாங்கின் பழைய கதையாக மட்டுமே கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எதிரியின் வாயில் வைத்துப் பேசப்பட்டதனால்தான் அப்படி ஒரு வசனம் தணிக்கையைத் தாண்டி வர முடிந்தது.

இந்த நெகிழ்வுக்கு அரசியல் காரணமும் உண்டு. கோமின்டாங் தோற்றுப் பின்வாங்கிச் சேர்ந்த தைவானோடு உறவு சீரடைந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. கோமின்டாங்கைத் தோற்றுப்போன உடன்பிறப்பாகக் காட்டுவது அப்போதைய கொள்கைக்கு ஒத்துப்போனது. ஆனால், காரணம் அரசியல் என்பதால் கலையில் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட நான் தயாராக இல்லை.

கேள்வி: இத்தகைய படங்களின் கதையை யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: முக்கியத் தலைவர்கள் தோன்றும் புரட்சி வரலாற்றுக் கதைகளை ஆய்ந்து ஒப்புதல் தருவதற்கென்றே 1987-இல் ஒரு தனிக் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான், சந்தைக்காக எடுக்கப்படும் படங்கள் பெருகிவந்ததைக் கண்ட திரைத்துறை நிர்வாகம், ‘முதன்மை இசை’யை ஓங்கச் செய்ய வேண்டும் என்ற முழக்கத்தை முன்வைத்தது. அரசின் கொள்கையோடு இசைந்த படம் என்பதே அதன் பொருள். அன்று முதல் ஆண்டு நிறைவு விழாக்களை ஒட்டி இத்தகைய படங்கள் வருவது வழக்கமாகிவிட்டது: 2009-இல் குடியரசுக்காக ஒன்று, 2011-இல் கட்சியின் 90-ஆம் ஆண்டுக்காக ஒன்று, 2017-இல் மக்கள் விடுதலைப் படையின் 90-ஆம் ஆண்டுக்காக ஒன்று.

ஒப்புதல் கிடைத்துவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அந்தப் படையின் பிறப்பாகக் கருதப்படும், 1927 ஆகஸ்ட் 1 அன்று நடந்த நான்சாங் எழுச்சியைச் சொல்லும் 2017-ஆம் ஆண்டுப் படத்தில் இளம் நட்சத்திரங்களைத் தளபதிகளாக நடிக்க வைத்தபோது, தளபதி யே திங்கின் பேரனும் இயக்குநருமான யே தாயிங் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். தலைவர்களின் வாரிசுகளும் அங்கே ஒரு வகைத் தணிக்கையாளர்களாக இருக்கிறார்கள்.

கேள்வி: மாவோவின் தளபதியாக இருந்த லின் பியாவோ பிற்காலத்தில் துரோகி என்று அறிவிக்கப்பட்டவர் அல்லவா? உள்நாட்டுப் போர்ப் படங்களில் அவரை எப்படித் தவிர்க்கிறார்கள்?

பதில்: நெடுங்காலம் தவிர்க்கவே செய்தார்கள். 1971-இல் மங்கோலியாவில் விமானம் விழுந்து இறந்த அவருடைய பெயரை எடுத்துவிட்டால், அவர் தலைமையில் வடகிழக்கில் நடந்த லியாவோஷென் போரைச் சொல்லவே முடியாது. இந்த முடிச்சை அவிழ்த்தது, இராணுவத்தின் ‘ஆகஸ்ட் முதல் நாள்’ படப்பிடிப்பு நிலையம் 1991 முதல் வெளியிட்ட ‘மாபெரும் தீர்ப்புப் போர்’ என்ற முப்படத் தொகுதி. லியாவோஷென், ஹுவாய்ஹாய், பிங்ஜின் ஆகிய மூன்று போர்களும் 142 நாள்களில் கோமின்டாங்கின் 15 லட்சத்துக்கும் அதிகமான படையினரை இல்லாமல் ஆக்கின என்பது சீன அரசு வரலாற்றின் கணக்கு. முதல் பாகத்தில் மா சியாவோவெய் நடித்த லின் பியாவோ, வரைபடத்தின் முன் மணிக்கணக்கில் பேசாமல் அமர்ந்திருக்கும், வறுத்த சோயா மொச்சையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்ளும், தயக்கமும் கூர்மையும் கலந்த ஒரு தளபதி. பின்னாளில் நடந்ததை அந்தப் படம் அவர் தலையில் முன்கூட்டியே ஏற்றவில்லை. உண்மையான படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் ஓடும் போர்க்களக் காட்சிகளைவிட, இந்த நேர்மையே அந்தப் படத்தின் சாதனை என்பேன்.

கேள்வி: தலைவர்களைப் பற்றியே சொல்கிறீர்களே, அந்தப் போரில் செத்த சாதாரண மக்களைப் பற்றிய படங்கள் இல்லையா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே மற்றக் கேள்விகளை முன்னால் வைத்தேன். மாவோவும் மனிதராகிவிட்டார், சியாங்கும் மனிதராகிவிட்டார், லின் பியாவோவுக்கும் இடம் கிடைத்துவிட்டது. மக்கள் மட்டும் பெரும்பாலான படங்களில் இன்னும் கூட்டமாகவே இருக்கிறார்கள். ஹுவாய்ஹாய் போருக்கு உணவும் குண்டுகளும் சுமந்த உழவர்கள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்பது அரசே பெருமையோடு சொல்லும் எண்ணிக்கை. அந்த வெற்றியை மக்கள் தம் ஒற்றைச் சக்கர வண்டிகளால் தள்ளிக்கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று தளபதி சென் யீ சொன்னதும் புகழ்பெற்றது. திரையில் அந்த வண்டிகள் அடிவானம்வரை நீள்கின்றன. வண்டியைத் தள்ளுகிறவரின் முகத்தில் கேமரா நிற்பது அரிது.

இதற்கு விலக்காக, சீனாவின் உள்ளேயே வெளியிடப்பட்ட ஒரு படம் உண்டு. ஃபெங் சியாவோகாங் 2007-இல் இயக்கிய ‘ஒன்றுகூடும் எக்காளம்’. எக்காளம் ஒலிக்கும்வரை பின்வாங்கக் கூடாது என்ற கட்டளையோடு ஒரு பழைய சுரங்கத்தைக் காக்கும் சிறு படையில் தலைவன் கூ சிதியைத் தவிர 47 பேரும் சாகிறார்கள். குண்டு வெடிப்பில் செவித்திறன் குன்றிய அவனுக்கு, எக்காளம் ஊதப்பட்டதா, தான் கேட்கத் தவறியதால்தான் அவர்கள் செத்தார்களா என்ற கேள்வி தீயாகச் சுடுகிறது. போருக்குப் பிறகு அவன் படைப்பிரிவின் எண்ணே மாற்றப்பட்டுவிட்டது. சடலங்கள் கிடைக்காததால் அந்த 47 பேரும் ‘காணாமற்போனவர்கள்’ என்று பதிவாகிறார்கள். தியாகியின் குடும்பத்துக்கு 700 ஜின் தானியம், காணாமற்போனவரின் குடும்பத்துக்கு 200 ஜின். ஒரு ஜின் என்பது அரைக் கிலோ. பெற்றோர் பெயர் வைத்துத்தானே வளர்த்தார்கள், எல்லாரும் எப்படிப் பெயரில்லாத பிள்ளைகள் ஆனார்கள் என்று அவன் குமுறும் இடத்தில், புரட்சிப் படங்கள் அதுவரை கேட்காத கேள்வியை இந்தப் படம் கேட்டுவிடுகிறது. சரணடைந்த கைதிகளைச் சுடும்படி அவனே கட்டளையிடுவதையும் படம் மறைக்கவில்லை. எக்காளம் ஊதும்படி யாரும் உத்தரவிடவே இல்லை என்பது இறுதியில்தான் தெரிகிறது.

இந்தப் படமும் தொடாத ஓர் இடம் இருக்கிறது. 1948 மே மாத இறுதியிலிருந்து அக்டோபர்வரை மக்கள் விடுதலைப் படை சாங்சுன் நகரை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே இருந்த கோமின்டாங் படை உணவைத் தனக்கே வைத்துக்கொண்டு மக்களை வெளியேற்ற, வெளியே நின்ற படை அவர்களைத் தடுக்க, இரண்டு எல்லைக்கோடுகளுக்கும் நடுவில் புல்லையும் மரப்பட்டையையும் தின்று மக்கள் மடிந்தார்கள். இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம் என்பது பல வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. இதை விவரித்து 1989-இல் வெளிவந்த ஒரு நூல் தடைசெய்யப்பட்டது. நான் மேலே பாராட்டிய ‘தொடக்கப் பெருவிழா’வை எடுத்த நிலையம் இருப்பது அதே சாங்சுன் நகரில் என்பது எனக்குத் தீராத வேதனை. தியாகிகளின் புகழைப் பாதுகாக்க 2018-இல் கொண்டுவரப்பட்ட சட்டத்துக்குப் பிறகு, இத்தகைய கதையை அங்கே ஒருவர் எழுதத் துணிவது இன்னும் கடினமாகியிருக்கிறது.

கேள்வி: எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

பதில்: முதலில் ‘ஒன்றுகூடும் எக்காளம்’, பிறகு ‘குடியரசின் தோற்றம்’. இரண்டிலும் வருவது அதே ஹுவாய்ஹாய் போர்தான். சுரங்க வாயிலில் சரிந்த 47 பேரையும் பார்த்துவிட்டு, அந்த வெற்றிச் செய்திக்காகத் தலைவர்கள் கோப்பை உயர்த்திப் பாடுவதைப் பாருங்கள். அதன் பிறகு நேரம் இருந்தால், சாங் யிமோ 1994-இல் எடுத்ததும் சீனாவில் திரையிட அனுமதி மறுக்கப்பட்டதுமான ‘வாழ்தல்’ படத்தையும் தேடிப் பாருங்கள். நிழற்பொம்மை ஆட்டும் கலைஞன் ஒருவனை முதலில் ஒரு படை பிடித்துக்கொண்டு போகிறது. உறைபனியில் செத்துக் கிடப்பவர்களின் நடுவே அவனை அடுத்த படை கண்டெடுக்கிறது. புரட்சிக்கு உதவினான் என்று அது கொடுத்த சான்றிதழைப் பத்திரமாக மடித்துக்கொண்டு அவன் வீடு திரும்புகிறான்.