தீர்க்கதரிசன வரம் உள்ளவரை மூப்பராக்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எங்களுடையது எந்த ஸ்தாபனத்தோடும் சேராத, நூறு குடும்பங்கள் உள்ள பெந்தெகொஸ்தே சபை. பாஸ்டர் ஐயாவுக்கு வயதாகிவிட்டதால், உதவிக்கு மூப்பர்களை நியமிக்கச் சொல்கிறார். ஒரு வாலிப சகோதரர் மூன்று வருடமாக வருகிறார். தீர்க்கதரிசனம் சொல்கிறார், அவர் ஜெபித்துச் சுகமானவர்களும் உண்டு. அவருக்காகவே வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். "இவ்வளவு அபிஷேகம் உள்ளவரை விட்டுவிட்டு வேறு யாரை மூப்பராக்குவது?" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். அவரும் "கர்த்தர் என்னை இந்தச் சபைக்காக வைத்திருக்கிறார்" என்கிறார். மற்ற பாதிப் பேர் சொல்வது, பல வருடமாக ஓய்வுநாள் பள்ளியும் வேதபாடமும் நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை. அவர் அதிர்ந்து பேச மாட்டார். வரத்தை மதிக்காமல் ஆவியானவரைத் துக்கப்படுத்திவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. சபைச் செயலாளராக நான் என்ன செய்ய வேண்டும்? பெண்களை மூப்பராக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள்.

பதில்: சகோதரி, உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தீர்க்கதரிசனம் சொல்லும் ஒருவரை மூப்பராக்காமல் இருப்பதால் ஆவியானவர் துக்கப்பட மாட்டார். அவர் வாயை அடைத்தால் அது தவறு. "ஆவியை அவித்துப்போடாதிருங்கள், தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொல்கிறார். வரத்துக்கு இடம் கொடுப்பது ஒரு காரியம். சபையை விசாரிக்கும் பொறுப்பை ஒருவர் கையில் கொடுப்பது வேறு காரியம். உங்கள் சபையில் இரண்டும் கலந்துவிட்டன.

இந்த வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன என்று நம்பும் சபைகள் உண்டு. உங்களுடையது பெந்தெகொஸ்தே சபை என்பதால் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. வரங்கள் இன்றும் உண்டு என்று வைத்துக்கொண்டே பேசுவோம்.

அடுத்த கமிட்டிக்கு முன்னால் இரண்டு பகுதிகளை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். முதலில் 1 கொரிந்தியர் 12. ஞானத்தைப் போதிக்கும் வசனம், விசுவாசம், குணமாக்கும் வரங்கள், அற்புதங்கள், தீர்க்கதரிசனம், ஆவிகளைப் பகுத்தறிதல், பாஷைகள், வியாக்கியானம் என்று பட்டியல் நீள்கிறது. பிறகு 1 தீமோத்தேயு 3, கூடவே தீத்து 1. குற்றஞ்சாட்டப்படாதவன், ஒரே மனைவியை உடையவன், தெளிந்த புத்தியுள்ளவன், அந்நியரை உபசரிக்கிறவன், போதகசமர்த்தன், பண ஆசையில்லாதவன், சொந்தக் குடும்பத்தை நன்றாய் நடத்துகிறவன். கண்காணிக்கு, அதாவது சபையை விசாரிக்கும் மூப்பருக்கு, வேண்டிய தகுதிகளில் குணமாக்குதலும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை. பவுல் மறந்துபோய் விட்டதாக நினைக்க வழியில்லை. எல்லாரையும்விட அதிகமாய்ப் பாஷைகளைப் பேசுகிறேன் என்று எழுதியவர் அவர். செய்கிற வேலையைப் பொறுத்துக் கேட்கப்படும் ஒரே திறமை போதிப்பது. மீதியெல்லாம் ஆளின் குணமும் நடக்கையும்.

இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். "எருசலேமில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தபோது பரிசுத்த ஆவி நிறைந்தவர்களைத்தானே கேட்டார்கள்?" என்பார்கள். உண்மைதான். ஆனால் அப்போஸ்தலர் 6-ஐ முழுவதும் வாசியுங்கள். நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம் மூன்றும் சேர்ந்தே கேட்கப்பட்டன. அந்த ஏழு பேரில் ஒருவனான ஸ்தேவான் பெரிய அற்புதங்களையும் அடையாளங்களையும் செய்தான் என்பது, அவன்மேல் கைகளை வைத்த பிறகுதான் வருகிறது. பந்தி விசாரணைக்கு, அதாவது உணவுப் பங்கீட்டைக் கவனிக்க, அவனைத் தெரிந்தெடுக்கும்போது சபை பார்த்தது அவன் எப்படிப்பட்ட ஆள் என்பதை.

கொரிந்து சபையையும் நினைத்துப் பாருங்கள். ஒரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று பவுலே அவர்களைப் பற்றி எழுதினார். அதே கடிதத்தில் மாம்சத்துக்குரியவர்கள், குழந்தைகள் என்றும் எழுதினார். அங்கே கட்சி இருந்தது, வழக்கு இருந்தது, கர்த்தருடைய பந்தியில் ஏழைகளை வெட்கப்படுத்தும் பழக்கமும் இருந்தது. வரம் உண்மையாகவே தேவனிடமிருந்து வந்தாலும், அது ஒருவருடைய முதிர்ச்சிக்கு அத்தாட்சி ஆகாது. மத்தேயு 7-ல் ஆண்டவர் இதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார்; அவர் நாமத்தில் தீர்க்கதரிசனம் உரைத்தவர்களைப் பார்த்துத்தான் "ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்கிறார்.

எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிவது அடுத்த காரியம். தீர்க்கதரிசனத்தை யார் நிதானிப்பது? 1 கொரிந்தியர் 14:29-ல் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று இருக்கிறது. அகபு என்ற தீர்க்கதரிசி செசரியாவுக்கு வந்து, பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் நடக்கப்போவதைச் சொன்னான். கேட்டவர்கள் அழுது, போக வேண்டாம் என்று பவுலை வேண்டினார்கள். பவுல் போனார். அகபு தனக்குக் கொடுக்கப்பட்டதைச் சொல்லி முடித்தான். முடிவெடுப்பது அவன் வேலையாக இருக்கவில்லை. பேசுகிறவரும், அதை நிதானிக்கிறவரும், அதன்படி முடிவெடுக்கிறவரும் ஒரே ஆளாக ஆகிவிட்டால் உங்கள் சபையில் "பிரதர், இது சரியாகப் படவில்லையே" என்று சொல்ல யார் இருப்பார்கள்?

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு. 1870-களில் திருவிதாங்கூரில் ஒரு பெரிய எழுப்புதல் வந்தது. அதை நடத்தியவர் வித்வான் குட்டி என்று அழைக்கப்பட்ட ஜஸ்டஸ் ஜோசப். பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்துவை ஏற்றவர், ஆங்கிலிக்கன் சபைக் குரு, அருமையான பாடலாசிரியர். அந்த இயக்கத்தில் 1881-ல் கிறிஸ்து வருவார் என்று தீர்க்கதரிசனம் எழுந்தது. அவரும் அதை ஏற்றுக்கொண்டார். நிதானிக்க வேண்டிய இடத்தில் இருந்தவரே அந்த வார்த்தைக்குப் பின்னால் போய்விட்டார். 1881 வந்தது, போனது. அந்தக் கூட்டம் யூயோமயம் என்ற தனிப் பிரிவாக ஒதுங்கியது. அவருடைய பக்தியிலோ தாலந்திலோ எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஆதிச்சபை இந்த ஆபத்தைச் சீக்கிரமே கண்டுகொண்டது. முதல் நூற்றாண்டின் கடைசியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதும் டிடாகே என்ற சபைக் கையேட்டில், ஊர் ஊராக வரும் தீர்க்கதரிசிகளை எப்படி நடத்துவது என்று விதிகள் உண்டு. ஆவியில் பேசுகிற எல்லாரும் தீர்க்கதரிசிகள் அல்ல, கர்த்தருடைய நடக்கை உள்ளவனே தீர்க்கதரிசி என்கிறது. ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடுக்காதே. ஏழைகளான மற்றவர்களுக்காகக் கேட்டால் அவனைக் குற்றப்படுத்தாதே என்கிறது. அதே கையேடு, கண்காணிகளாகச் சாந்தமுள்ளவர்களையும் பண ஆசையில்லாதவர்களையும் சோதித்தறியப்பட்டவர்களையும் நியமிக்கச் சொல்கிறது.

சரி, அந்தச் சகோதரர் விஷயத்துக்கு வருவோம். அவர் தகுதியில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. தகுதி உண்டா என்று நீங்கள் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் சபைக்கு வருவதற்கு முன் எந்தச் சபையில் இருந்தார், அங்கிருந்து ஏன் வந்தார் என்று அந்தப் போதகரிடம் பாஸ்டர் ஐயா நேரில் பேசட்டும். இதைக் கேட்கத் தயங்குகிறவர்கள்தான் பிறகு அதிகம் கஷ்டப்படுகிறார்கள். திருமணமானவர் என்றால் வீட்டில் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். வேலை செய்யும் இடத்திலும் தெருவிலும் அவருக்கு என்ன பெயர்? புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டே. ஜெபத்துக்கு வருகிறவர்கள் கொடுக்கும் காணிக்கை எங்கே போகிறது? அவர் சொன்ன ஒரு வார்த்தையாவது நடக்காமல் போயிருக்கும். அப்போது அவர் தவறிவிட்டேன் என்றாரா, கேட்டவர்களுக்கு விசுவாசம் இல்லை என்றாரா? என்னைக் கேட்டால், இந்தக் கடைசிக் கேள்வியில்தான் அதிகம் தெரிந்துகொள்ளலாம். "கர்த்தர் என்னை வைத்திருக்கிறார்" என்று அவர் சொல்வதைக் குற்றமாக எடுக்காதீர்கள். கண்காணிப்பை விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்று பவுலே சொல்கிறார். ஆனால் அழைப்பைச் சபையும் உறுதிப்படுத்த வேண்டும். அந்தியோகியாவில் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னது, உபவாசித்து ஆராதித்துக்கொண்டிருந்தவர்களிடம்.

ஆசிரியர் ஐயாவையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். அமைதியானவர், நீண்ட காலமாக இருப்பவர் என்பது மட்டும் போதாது. போதிக்கத் தெரியும் என்பது பெரிய தகுதி. தீத்து 1:9 இன்னொன்றும் கேட்கிறது: எதிர்பேசுகிறவர்களைக் கண்டனம்பண்ணவும் வல்லவனாக இருக்க வேண்டும். சண்டையென்றாலே ஒதுங்கிப் போகிறவர் என்றால், அந்த வாலிபரிடம் ஒரு கடினமான வார்த்தையை அவரால் சொல்ல முடியுமா? சொல்ல முடிகிறவர் என்றால் சத்தம் குறைவாக இருப்பது ஒரு குறையே இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வரம், தகுதி என்று மேலே பேசிக்கொண்டு, உள்ளுக்குள் சாதியும் சொந்தபந்தமும் பார்த்து ஆள் தேர்ந்தெடுப்பது நம் சபைகளில் பழைய நோய். 1733-ல் தரங்கம்பாடியில் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள்; சீர்திருத்தச் சபைகளில் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர், நன்றாகவே ஊழியம் செய்தார். அப்போது பேசப்பட்ட பெயர்களில், தஞ்சாவூர்ச் சீமையில் சுவிசேஷத்தைக் கொண்டுபோன உபதேசியார் இராஜநாயக்கனுடையதும் உண்டு. அவர் பறையர் சமூகத்தவர் என்பது தடையாக நின்றது. உங்கள் சபையில் பாதிப் பேர் ஒருபக்கமும் பாதிப் பேர் மறுபக்கமும் நிற்பதற்குப் பின்னால் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாஸ்டர் ஐயாவோடு தனியாக உட்கார்ந்து மனம் திறந்து பேசுங்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். முதலில் உங்கள் சபை டிரஸ்டாகப் பதிவானதா, சங்கமாகப் பதிவானதா என்று பார்த்து, டிரஸ்ட் பத்திரத்தையோ துணைவிதிகளையோ எடுத்து வாசியுங்கள். மூப்பரை நியமிக்கும் அதிகாரம் பாஸ்டருக்கா, கமிட்டிக்கா, பொதுக்குழுவுக்கா என்பது அதில் இருக்கும். அதை மீறி நியமித்தால் நாளைக்கு ஒரு பிரச்சினை வரும்போது நிற்காது. பிறகு ஒருவரை மட்டும் நியமிக்காதீர்கள். பவுல் சபைகள்தோறும் மூப்பர்களை ஏற்படுத்தினார். மிலேத்துவுக்கு வரவழைத்ததும் எபேசு சபையின் மூப்பர்களை, ஒரு மூப்பரை அல்ல. பெயர்களை ஆராதனையில் அறிவித்து, ஆட்சேபம் இருந்தால் பாஸ்டரிடம் நேரில் சொல்ல இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். பெயர் போடாத கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் கணக்கில் எடுக்காதீர்கள். மூப்பனுக்கு விரோதமான புகாருக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்பது 1 தீமோத்தேயு 5:19. அப்புறம் ஒரு வருடம் உதவியாளராக வேலை செய்யட்டும். "ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே" என்ற வசனம் இருக்கும்போது அவசரம் எதற்கு? வங்கிக் கணக்கில் எப்போதும் இரண்டு கையெழுத்து இருக்கட்டும். எருசலேமுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது, ஒருவரும் குற்றப்படுத்தாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் கூட அனுப்பினவர் பவுல்.

வாலிப சகோதரருக்கு இந்த ஒரு வருடமும் வேலை இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தாதீர்கள். அவரோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து ஜெபிக்கட்டும். கல்யாணம், வேலை, வீடு வாங்குவது, ஆபரேஷன் மாதிரிக் காரியங்களில் தனியாக ஒருவரிடம் "கர்த்தர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்ல வேண்டாம். அந்த வார்த்தை முதலில் பாஸ்டரிடம் வரட்டும். மருந்தை நிறுத்தச் சொல்லி யாருக்கும் எந்த நிலையிலும் வார்த்தை கொடுக்கக் கூடாது. காணிக்கை சபைப் பெட்டியில்தான் விழ வேண்டும். வேதபாடத்துக்கு ஆசிரியர் ஐயாவிடம் ஒழுங்காக உட்காரட்டும். ஆசிரியரும் வெள்ளிக்கிழமைகளில் போய் உட்காரட்டும். அவருக்கும் அங்கே கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும்.

பெண்கள் மூப்பராகலாமா என்ற கேள்விக்குச் சபைகள் ஒரே பதில் சொல்வதில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1976-லிருந்து பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறது, 2013-ல் ஒரு பெண் பேராயரும் ஆனார். பிரதரன் சபைகளும் பல பெந்தெகொஸ்தே சபைகளும் மூப்பர் பொறுப்பை ஆண்களுக்கே வைத்திருக்கின்றன. பிலிப்புவின் நான்கு குமாரத்திகள் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பிரிஸ்கில்லாள் தன் கணவரோடு அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை விவரித்துக் காட்டினாள். பெண்களுடைய ஊழியத்துக்கு இடம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் சபை இதைத் தனியாக, நிதானமாக, வேதத்தை வைத்துப் பேசி முடிவெடுக்கட்டும். இந்த மூப்பர் தேர்தலோடு கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

இவ்வளவு செய்தும் "ஒரு வருடமெல்லாம் காத்திருக்க முடியாது" என்று அவர் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம். அது நடக்கக்கூடிய காரியம்தான். உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் பாதியாகிவிடும். அந்தப் பயத்தில் பதவியைக் கொடுத்துவிடாதீர்கள். போனால் அவரைச் சபித்து யாரும் பிரசங்கம் செய்ய வேண்டாம், போகிறவர்களோடு பேச்சை நிறுத்தவும் வேண்டாம். காத்திருக்கச் சம்மதித்தால், அதுவே அவரைப் பற்றி நீங்கள் அறிய வேண்டிய பாதியைச் சொல்லிவிடும். இந்த முடிவை அவரிடம் சொல்ல வேண்டியவர் செயலாளரான நீங்கள் அல்ல, பாஸ்டர் ஐயா. கமிட்டியில் அறிவிப்பதற்கு முன்னால், அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவருடைய வரத்துக்காகத் தேவனுக்கு நன்றி சொல்லி ஜெபித்துவிட்டு, காரணங்களை வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள்.