அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னீர்களா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 44. வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். கோட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்காளராக வேலை. சில வருடங்களாக சுவிஸ் மனநல வைத்தியர் கார்ல் யுங்கின் ஆழ்மன உளவியலையும், ‘நான் யார்’ என்று தன்னையே கேட்கும் ரமணரின் ஆத்ம விசாரத்தையும் சேர்த்துப் படித்து வருகிறேன். தினமும் விடியப்புறம் நாலரையிலிருந்து ஆறரை வரை அறையைப் பூட்டிக்கொண்டு தியானம் செய்து, கண்ட கனவுகளைக் கொப்பியில் எழுதுவேன். அந்த நேரம் பார்த்து அப்பா (79) வந்து கதவைத் தட்டி, “தம்பி, விடிஞ்சிட்டுதே?” என்று கேட்பது ஒன்றுதான் இடைஞ்சல். கொஞ்சக் காலமாக ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. சாவகச்சேரி வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு வெள்ளைப் பாம்பு மேலே ஏறி வருகிறது. இது குண்டலினி (உடம்பின் அடியில் பாம்பாய்ச் சுருண்டு கிடக்கும் சக்தி) விழிப்புத்தான் என்று நம்புகிறேன். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் திருவண்ணாமலையில் போய் இருக்க ஆசை. மனைவி சம்மதிக்கவில்லை. அவருடைய எதிர்ப்பு என்னுடைய ‘நிழல்’தானா? பாசத்தளையை அறுப்பது எப்படி?
– ‘தேடல்’, கொழும்பு 6

பதில்: தம்பி, இப்படியான கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று ஊர் மாறும். ஒருவருக்கு விபாசனா, இன்னொருவருக்கு கிரியா யோகம், உங்களுக்கு யுங்கும் ரமணரும். கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: வீட்டை விட்டுப் போக நான் ஒரு ஆமாம் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் கடிதம் முழுதாக நான்கு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். அந்த நான்கு பக்கத்திலும் அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்பதற்குக் கிடைத்தது ஒரேயொரு வசனம். அதுவும் ‘இடைஞ்சல்’ என்ற சொல்லோடு. அந்த வசனத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

79 வயது மனிதர் இருட்டில் எழும்பி வந்து, விடிந்துவிட்டதா என்று மகனிடம் கேட்கிறார். மகன் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் பதில் சொல்வதில்லை. பிறகு அந்த மனிதர் எங்கே போகிறார்? குசினிக்கா, பல்கனிக்கா, திரும்பக் கட்டிலுக்கா? லைட்டை யார் போட்டுவிடுகிறார்கள்? தேத்தண்ணி யார் ஊற்றிக் கொடுக்கிறார்கள்? குளிசையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? ஆறரைக்கு நீங்கள் கதவைத் திறக்கும்போது அவர் எந்தக் கதிரையில் இருக்கிறார்? இதில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. பாம்பின் நிறம் இருக்கிறது, அது எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது என்பது இருக்கிறது. அப்பா இல்லை.

முதலில் இதைக் கேளுங்கள், இது ஆன்மீகம் இல்லை, அவசரம். வயதானவர் ஒருவர் இரவு எது, பகல் எது என்று தடுமாறினால் அதற்குக் காரணம் இருக்கும். சிறுநீரில் கிருமித் தொற்று வந்தாலே வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறலாம். கண்ணில் பூ விழுந்திருக்கலாம். குடிக்கும் குளிசை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அல்லது, அம்மா தவறிய பிறகு அப்பாவை ஊரிலிருந்து கூட்டி வந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஊரில் சேவல் கூவ எழும்பி முற்றத்துக்கு இறங்கிய மனிதருக்கு ஆறாம் மாடியில் விடியல் எப்படித் தெரியும்? இவற்றில் எது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நீங்கள் கதவைத் திறக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

இனி நீங்கள் துணைக்கு அழைத்த பெரியவர்களிடம் வருகிறேன்.

யுங்கின் தந்தை ஒரு பாதிரியார். அவர் நோயில் விழுந்தபோது யுங் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த இளைஞர். எலும்பும் தோலுமாகப் போன தந்தையைத் தன் கைகளில் தூக்கிச் சுமந்ததை முதுமையில் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். 1896 தையில் தந்தை இறந்தார். மகனுக்கு வயது 20. ஆறு வாரம் கழித்து, சுகமாகி வீடு திரும்பி வருவதாகச் சொல்லிக்கொண்டு அந்தத் தந்தை கனவில் வந்தார். ஆழ்மன உளவியலில் தனக்கென்று ஒரு வழியை உண்டாக்கிய மனிதரை மரணத்துக்குப் பின் என்ன என்று முதன்முதலாக யோசிக்க வைத்தது அந்தக் கனவுதான். தந்தையைச் சுமந்த மகனுக்கு வந்த கனவு அது. உங்கள் தந்தை உயிரோடு வந்து தட்டுகிறார்.

அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு, உளப்பகுப்பாய்வின் தந்தையான ஃபிராய்டோடு உறவு முறிந்த காலத்தில், 1913 தொடக்கம் யுங்குக்கே மனம் உடைந்துபோகும் அளவுக்குக் காட்சிகளும் குரல்களும் வந்தன. உங்கள் வெள்ளைப் பாம்பு அதற்குக் கிட்டவும் நிற்காது. அந்தக் காலத்தில் அவர் எதைப் பிடித்துக்கொண்டு தப்பினார் தெரியுமா? தான் பட்டம் பெற்ற வைத்தியர், பார்க்க வேண்டிய நோயாளர்கள் இருக்கிறார்கள், மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள், குஸ்நாக்ட் ஊரில் சீஸ்ட்ராசே 228ஆம் இலக்க வீட்டில் வசிக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டு இலக்கம் வரைக்கும்! ஆழ்மனத்துக்குள் இறங்கியவரைத் திரும்ப மேலே இழுத்த கயிறு அவருடைய குடும்பமும் வேலையும்தான். நீங்களோ இறங்குவதற்கு முன்னமே கயிற்றை அறுக்க என்னிடம் கத்தி கேட்கிறீர்கள்.

குண்டலினி பற்றியும் யுங் பேசியிருக்கிறார். 1932இல் சூரிச்சில் அதற்கென்றே தொடர் சொற்பொழிவு நடத்தினார். அதில் குண்டலினி கிடக்கும் அடிச் சக்கரமான மூலாதாரம் என்பதை நாம் வேர்விட்டு நிற்கும் அன்றாட உலகம் என்றே விளக்கினார். வீடு, தொழில், உறவு எல்லாம் அதற்குள்தான். அங்கே சரியாகக் காலூன்றாதவனுக்கு மேலே ஏறும் பேச்சே இல்லை. நமது சைவமும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று தொண்டிலிருந்துதான் தொடங்குகிறது. சரியையைத் தாண்டிக் குதித்து யோகத்தில் உட்காரலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ரமணரைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். “அவரும் தாயை விட்டுத்தானே போனார்” என்று எழுதியது எனக்கு மிகவும் வலித்தது. 1896இல் மதுரையை விட்டுப் போனது 16 வயதுப் பையன். மனைவி, பிள்ளை, வங்கிக் கடன் எதுவும் இல்லாதவன். அதோடு கதை முடியவில்லை. 1916இல் தாயார் அழகம்மாள் அவரிடமே வந்து சேர்ந்தார். கடைசிவரை அங்கேயே இருந்தார். 1922 மே 19ஆம் தேதி அந்தத் தாயின் உயிர் பிரியும்வரை மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், ஒரு கை தாயின் நெஞ்சில், ஒரு கை தலையில். அந்தத் தாயின் சமாதிமேல்தான் ஆசிரமத்தின் மாத்ருபூதேஸ்வரர் ஆலயம் நிற்கிறது. நீங்கள் திருவண்ணாமலைக்குப் போனால் கும்பிடப் போவது அதைத்தான். துறவு வேண்டும் என்று வந்து நின்ற குடும்பஸ்தர்களை ரமணர், இருக்கிற இடத்திலேயே இருந்து விசாரம் செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினார். இதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். உங்களுக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மனைவி உங்கள் நிழலா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் ஒரு களைத்துப்போன பெண். தன்னிடம் இருக்கிற, தான் பார்க்க மறுக்கிற ஒன்றைத்தான் யுங் நிழல் என்றார். அதை அடுத்தவர்மேல் ஏற்றிப் பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம் என்றும் சொன்னார். நீங்கள் செய்திருப்பது அதுவேதான். நீங்கள் பார்க்க மறுப்பது என்னவென்று நான் நினைப்பதைச் சொல்லட்டுமா? உங்களுக்குப் பயம். தன்னைத் தூக்கி வளர்த்த மனிதர் விடியலையும் அறியாமல் நிற்பதைப் பார்க்கப் பயம். அவரைக் குளிப்பாட்டும் காலம் வரப்போகிறது என்ற பயம், அதில் வரும் அருவருப்பு, அந்த அருவருப்பைப் பற்றிய வெட்கம். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது. அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு ஞானம் என்று பெயர் வைத்து, அப்பாவை மருமகள் தலையில் கட்டிவிட்டுப் போவதைத்தான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். பெற்ற தகப்பனைப் பார்ப்பது மகனின் கடமை. என்னிடம் இதில் இரண்டாம் பேச்சு இல்லை.

கனவைப் பற்றி ஒன்றே ஒன்று. புராணத்துக்கும் சக்கரத்துக்கும் போகுமுன், கனவில் வந்த பொருள் கனவு கண்டவருக்கு என்னவாக இருந்தது என்று விசாரிப்பதுதான் யுங் காட்டிய வழி. பாம்பை விடுங்கள். அந்தக் கிணற்றை யார் வெட்டியது? எந்த வருடம்? அதில் உங்களைக் குளிக்க வார்த்தது யார்? இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஒரே மனிதர் உங்கள் கதவுக்கு வெளியே நிற்கிறார்.

நாளை விடியப்புறம் கதவைப் பூட்டாதீர்கள். அவர் கேட்டால், “இன்னும் விடியேல்லை அப்பா, வாங்கோ, இருங்கோ” என்று சொல்லி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். தியானம் எங்கேயும் ஓடிப்போகாது. கனவு எழுதும் அதே கொப்பியில் இரண்டு கிழமைக்கு அப்பாவைப் பற்றி எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழும்பினார், என்ன கேட்டார், இரவில் எத்தனை தரம் சிறுநீர் கழிக்கப் போனார், சாப்பிட்டாரா, குளிசை போட்டாரா, யாருடைய பெயரை மாற்றிச் சொன்னார் என்று. இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தாலோ தடுமாற்றம் திடீரென்று கூடினாலோ காத்திருக்க வேண்டாம், அன்றே டொக்டரிடம் போங்கள். வேலையை விடாதீர்கள். திருவண்ணாமலைக்கு ஒரு கிழமை லீவு போட்டுப் போய்வரலாம், அதுவும் அப்பாவுக்கு என்னவென்று தெரிந்த பிறகு, மனைவி வாயால் போய் வாருங்கள் என்று சொன்னால். இரண்டு கிழமை முடிந்ததும் அப்பாவைக் கிளினிக்குக்கு அந்தக் கொப்பியோடு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். மனைவியை அனுப்பிவிட்டு நீங்கள் கந்தோருக்குப் போக வேண்டாம்.