வாசகர் கேள்வி பதில்: நவம்பர் வியாழனும் வான்கோழியும்

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டில் 'தேங்ஸ்கிவிங்' என்ற நன்றித் திருநாள் கொண்டாடுகிறார்கள். நம் பொங்கல் மாதிரி அதுவும் அறுவடைத் திருநாள்தானா? தேதி ஏன் வருடத்துக்கு வருடம் மாறுகிறது?
- வாசகி, நாமக்கல்

பதில்: வேர் அறுவடைதான். இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர், 1621-ல் முதல் விளைச்சல் வீடு வந்ததும் மூன்று நாள் விருந்து வைத்தார்கள். பூர்வகுடியான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசோய்ட் சுமார் 90 பேருடன் வந்து கலந்துகொண்டார். வந்தவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் விதைக்கக் கற்றுத்தந்ததும் அந்த மண்ணைச் சேர்ந்த ஸ்குவாண்டோதான்.

ஆனால் இன்றைய தேசிய விடுமுறைக்கு வழி செய்தவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர். பல ஆண்டுகள் விடாமல் எழுதிக் கேட்டார். உள்நாட்டுப் போருக்கு நடுவே, 1863-ல், நவம்பரின் கடைசி வியாழனை நன்றி நாளாக அதிபர் லிங்கன் அறிவித்தார். 1939 நவம்பரில் ஐந்து வியாழன்கள் வந்தன. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று வணிகர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் விழாவை ஒரு வாரம் முன்னதாக வைத்தார், மாநிலங்கள் இரண்டுபட்டன. நான்காம் வியாழன் என்று 1941-ல் சட்டம் வந்த பிறகே குழப்பம் தீர்ந்தது. அதனால் 22-க்கும் 28-க்கும் இடையில் வரும்.

பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இதையும் சொல்லுங்கள்: 1970 முதல் அதே நாளில், அதே பிளிமத்தில், பூர்வகுடி மக்கள் துக்க நாள் கடைப்பிடிக்கிறார்கள். நிலத்தை இழந்தவர்கள் அவர்கள்.

கேள்வி: போன வருடம் தேங்ஸ்கிவிங் விருந்துக்கு வைத்த வான்கோழி வெளியே கருகி, உள்ளே வேகாமல் போனது. என்ன தவறு?
- வாசகர், டல்லாஸ்

பதில்: உறைய வைத்த பறவையின் உள்ளே பனி விலகியிருக்காது. ஆறு கிலோ பறவைக்கு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் முழுதாக மூன்று நாள் வேண்டும். சமையல் மேடையில் வெளியே வைத்து உருக்காதீர்கள்; உள்ளே உறைந்திருக்கும்போதே மேல்சதையில் கிருமி பெருகிவிடும். வயிற்றுக்குள் கழுத்தும் ஈரலும் அடைத்த பொட்டலம் இருக்கும், எடுத்துவிடுங்கள். கழுவ வேண்டாம், கிருமி தொட்டியெங்கும் தெறிக்கும். துணியால் ஈரம் ஒற்றினால் தோல் மொறுமொறுப்பாகும்.

ஓவன் அடுப்பின் சூடு 165 டிகிரி செல்சியஸ், நேரம் மூன்றிலிருந்து மூன்றே முக்கால் மணி. நெஞ்சுப்பகுதி தொடைக்கு முன்பே வெந்து வறண்டுவிடும். நிறம் ஏறியதும் அதை மட்டும் அலுமினியத் தாளால் மூடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். தொடையின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் வெப்பமானியைச் செருகினால் 74 டிகிரி காட்ட வேண்டும். இறக்கி அரைமணி நேரம் கழித்து வெட்டுங்கள். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.